தலைவரின் காந்தம்

ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலை, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கூடத்தில் பழைய கார் உரிமையாளர் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. எந்த வண்டியின் உடலில் காந்தம் ஒட்டவில்லையோ, அதன் சொந்தக்காரர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார் என்ற விதி நிறைவேறியது.

கொண்டுவந்தவர் தலைவர். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது பழைய கார் உலகின் ஊரறிந்த ரகசியம். பட்டியில் காந்தம் ஒட்டாது. தன்னை எதிர்த்துத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லித் திரிந்த பல் டாக்டரை ஒழித்துக்கட்ட அவருக்கு இது போதும். ஊர்ப் பல்லையெல்லாம் அடைக்கிறவர் தன் வண்டியை மட்டும் அடைக்காமலா இருப்பார்? டாக்டர் தப்பிக்க வழியிருக்கக் கூடாதென்று, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த வண்டியும் அசல் ஆகாது என்று கையோடு இன்னொரு விதியையும் சேர்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை பார்க்க ஆசை வந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்துப்போய், மாமனார் கொடுத்த வண்டியின் பின்கதவில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

காந்தத்துக்கு வயதாகிவிட்டது என்றார். மனைவி அதை எடுத்து வாசல் கேட்டில் வைத்தார்.

"இங்க ஒட்டுதேங்க."

மறுநாள், கார்களுக்குத் தகர வேலை பார்க்கும் டிங்கர் வந்து கதவை விரலால் தட்டிப் பார்த்தார். கீழ் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது பிடிவரை உள்ளே போனது.

"எந்தப் படுபாவி பார்த்த வேலை இது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார். உங்க மாமனார் கொண்டுவந்தாரு. இத்தன வருஷம் எப்படி நின்னுருக்கு பாருங்க."

துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்கலாம் என்றார் டிங்கர். வண்டியின் காலடித் தளத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாமாம். அது இரண்டாவது விதியில் இடிக்கும் என்று தலைவர் தலையில் கைவைத்தார். வெட்டினாலும் நீக்கம், விட்டாலும் நீக்கம்.

"அப்ப வண்டிய விடுங்க சார். விதியப் பாருங்க."

அவசரக் கூட்டம் கூடியது. காந்தம் பழைய பெயின்ட்டைக் கீறிவிடுகிறது, எனவே கண்ணால் பார்த்தாலே போதும் என்று தலைவர் தீர்மானம் படித்தார். பல் டாக்டர் எழுந்தார். டாக்டர் தீர்மானத்தை வழிமொழிந்தார். கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக் கை தூக்கினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது டாக்டர், தலைவரின் காதருகே குனிந்தார். "தலைவரே, உங்களுக்கும் அதே டிங்கர்தானா?"

தலைவர் செருப்பைத் தேடுவதுபோல் நகர்ந்துவிட்டார்.

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் அசல் உடல் குலையாத வண்டிக்கான கோப்பை தலைவருக்கே கிடைத்தது. திரும்பும்போது, பின்சீட்டில் இருந்த மனைவி அதைக் காலடியில் வைத்துக்கொண்டார். சந்தை முனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் தளம் பிய்ந்து, கோப்பை நடுத்தெருவில் விழுந்தது. பின்னால் வந்த டாக்டர் இறங்கி அதை எடுத்துக் கொடுத்தார். மனைவி மீதித் தூரத்தை டாக்டரின் வண்டியில் வந்தார்.

கோப்பை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. டிங்கர் பட்டி பூசி, வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அது இப்போது சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுத் தேர்தலில் தலைவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.