தம்பி தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்த நேரம் பார்த்துத் தம்பியின் மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, இவர் வேலைய விடப் போறாராம். நாளைக்குக் காலைல ஆபீஸுக்கு போன் பண்ணிச் சொல்லிடுவாராம். நீங்க கொஞ்சம் வந்து பேசுங்களேன்."

"ஏன், திடீர்னு என்ன வந்துச்சு அவனுக்கு?"

"ஏதோ கேம்ல தோத்துட்டாராம்."

எனக்கு வந்த கோபத்தில் தலையைக்கூட வாராமல் கிளம்பிவிட்டேன். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மழைக்காலத்தில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தலைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவன் மனைவியும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்போது உடம்பு தேறிவிட்டது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இவன்தான் நம்பவில்லை.

"மூணு பொருளோட பேரச் சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொல்றாங்க. அதெல்லாம் ஒரு டெஸ்டாக்கா?" என்றான், நான் போய் உட்கார்ந்ததும். "என் தலைக்குள்ள என்ன போச்சு, என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா? ஒரு ஒயர மாத்திக் குடுத்துட்டேன்னா உள்ள நிக்கிறவன் கதி என்ன?"

அதனால் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறான். எதை வைத்து? சின்ன வயதில் நாங்கள் பைத்தியமாகக் கிடந்த அந்தப் பழைய ரோல்-பிளேயிங் கேமை வைத்து. நாலு பேர் வரிசையாக ஊர் ஊராக நடந்து, வழியில் பேய் பிசாசோடு முறை வைத்து அடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு அரக்கனைக் கொல்வார்களே, அந்த ரகம். யாரோ பத்திரமாக வைத்திருந்ததை இப்போது லேப்டாப்பில் ஓடும்படி செய்திருக்கிறார்கள். அதில் இருட்டுக் குகை என்று ஓர் இடம் உண்டு. நிற்கிற இடத்தைச் சுற்றி ஓரடிதான் வெளிச்சம். தப்பான பக்கம் திரும்பினால் பள்ளம், ஆள் காலி.

"கண்ண மூடிட்டுப் போன குகைக்கா அது. மூணு வாரமா முட்டிக்கிட்டு இருக்கேன், ஒரு திருப்பம்கூட ஞாபகம் வரல. அப்ப போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டலாம் என்று வந்ததையே மறந்துவிட்டேன். உண்மையாகவே போய்விட்டிருந்தால்? டாக்டர் கண்ணில் படாத ஏதோ ஒன்று இவன் கையில் பட்டிருந்தால்?

"போடு, நானும் பாக்கறேன்" என்றேன்.

போட்டான். நான் அசந்துபோனேன். இதற்கா ராத்திரி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தோம்? என் நினைவில் கடல்போலப் பெருகி வந்த இசை, ஸ்பீக்கரில் கொசு ரீங்காரமாகக் கேட்டது. அரண்மனை என்று நான் நினைத்திருந்தது சாம்பல் நிறத்தில் நாலு கட்டம். ராஜா எத்தனை முறை கேட்டாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார். எங்கே போகவேண்டும் என்பதை ஓர் ஆள் ஒரே ஒரு தடவை சொல்வான். அப்போது பார்த்துத் தும்மினால் போச்சு, மறுபடி சொல்லமாட்டான். நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு சண்டை. செத்துக் கிடக்கிற பல்லியையே நம் ஆள் மறுபடி ஓங்கி வெட்டி அடியை வீணாக்குகிறான். இளவரசியோ முதலிலிருந்து கடைசிவரை அழுவதைத் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை.

"இவளுக்காடா நீ அப்ப உருகின?"

"நீயும்தான் அழுத" என்றான். லேசாகச் சிரித்தான்.

ஆனால் நம் ஆட்கள் சத்திரத்தில் படுத்து எழும்போது வரும் அந்தச் சின்ன மெட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லக்கூடாது.

குகைக்குள் நுழைந்தான். முதல் முனையில் நின்றான். கை கன்ட்ரோலரில் உறைந்துவிட்டது. பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி, மடிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "வலது. நேரா ரெண்டு. இடது. மறுபடி இடது. படி இறங்கு." நான் யோசிக்கவில்லை. எங்கிருந்து வந்ததென்றும் தெரியவில்லை. சொல்லச் சொல்ல அவன் நடந்தான். பள்ளம் வரவில்லை. அடுத்த தளம். அதற்கும் வாய் சொன்னது. அதற்கடுத்ததும்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. "டேய், கண்ண மூடிட்டுப் போனேன்னியே. நீ கண்ண மூடினதா முக்கியம்? நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்லிக்கிட்டு வாய மூடாம இருந்தேனே, அதாலதான் போன. இந்த வழி உன் தலைல எப்பவுமே இருந்ததில்லடா. என் தலைலதான் இருந்துச்சு. இல்லாததப் போயிடுச்சுன்னு மூணு வாரமா தேடியிருக்க."

அவன் தோள் இறங்கியது. அன்று நான் வீட்டுக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் அவன் மூச்சு விடுவதைப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

அந்த நிம்மதி இரண்டு திருப்பம்கூட நிற்கவில்லை. பின்னாலிருந்து தம்பி மனைவி குறுக்கிட்டாள். "அண்ணி, நீங்க வலதுன்னு சொல்றீங்க. அவர் இடப்பக்கம் போறாரு. முதல்லேருந்தே எல்லாமே மாத்தித்தான் போறாரு."

என் கண்ணுக்கு அவன் நான் சொன்னபடிதான் போனான், ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. இப்போதுகூட நான் வலது என்றுதான் சொன்னேன், அவன் இடப்பக்கம் அழுத்துகிறான் என்கிறாள். இடம் வலம்கூடத் தெரியாமல் போய்விட்டானா? அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா வலதுன்னு சொன்னா இடதும்மா" என்றான். "எப்பவும் அப்படித்தான்."

"என்னடா உளர்ற?"

"உனக்கு ரெண்டும் மாறிடும்க்கா. சின்ன வயசுலேருந்தே. நீ சொல்ற வழி சரி, பேருதான் தப்பு. நான் மாத்திக்குவேன்."

"சும்மா கதை விடாத."

"சோத்துக் கையக் காமி."

காட்டினேன். சரியாகத்தான் காட்டினேன். "இப்ப வலது கையக் காமி" என்றான். யோசிக்காமல் மற்றக் கையைத் தூக்கினேன். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். அங்கே ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண், இடம் வலம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் என் பிழைப்பு இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. டாக்சி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் காது கேளாதவர்கள் என்று நான் போட்ட சண்டைகளை நினைத்தேன். மானம் போயிற்று.

"ஏன்டா ஒரு தடவைகூடச் சொல்லல?"

"சொன்னா நீ யோசிப்ப. யோசிச்சா வழி மறந்துடும். அப்புறம் குகையத் தாண்டுறது எப்படி?"

சொல்லி முடித்துவிட்டுத்தான் அவனுக்கே உறைத்தது. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், யாரும் கேட்காமலே, சின்ன வயதில் பழகியபடியே அந்தக் கை இன்னும் இடம் வலம் மாற்றிக்கொண்டிருக்கிறது. எந்த டாக்டரும் வைத்திருக்க முடியாத பரீட்சை அது.

"எதுவும் போகலக்கா" என்றான்.

தம்பி மனைவி துணிக் குவியலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "டாக்டர நம்பல, பொண்டாட்டிய நம்பல. இந்தப் பாழாப்போன பல்லிய நம்பினாரு." எனக்கும் அழுகை வந்தது. நன்றாக அழுதேன். மழைக்காலத்திலிருந்து தேக்கி வைத்திருந்தது எல்லாம் அதிலேயே போயிற்று. அவன் எழுந்து போய்த் தன் சூப்பர்வைசரை போனில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுபடி உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தான். "சொல்லு, எந்தப் பக்கம்?"

வாயைத் திறந்தேன். வலது என்று வந்தது. வலது என்றால் எது, இவன் மாற்றுவானா, நானே மாற்றிச் சொல்லவேண்டுமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன். அவ்வளவுதான். தலைக்குள் இருந்த குகை மொத்தமும் அணைந்துபோனது.

"மறந்துடுச்சுடா" என்றேன்.

"மறந்தா மறந்துட்டுப் போகுது" என்று சொல்லி, அவன் பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பினான். பள்ளம். ஆள் காலி. மூணு வாரம் அதே பள்ளத்தில் விழுந்து தூக்கம் கெட்டவன், இப்போது தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தான்.