வெடிக்கு அசையாத நாய்

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பதாக ஜெமிமா தன் புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்தவளுக்கும் அதில் நம்பிக்கை இல்லை, வாங்கிக்கொண்டவருக்கும் இல்லை.

"பொய் சொல்லச் சொல்லலை ஜெமி. நாய் வாங்குறவரு கேட்டா உண்மையைச் சொல்லு. கேக்காட்டி சும்மா இரு. அம்புட்டுதான்."

ஆமத்தூரில் ஆட்டோ ஏறியதிலிருந்து சாலமன்ராஜ் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார்; சொன்னதையே சொல்லிப் பழகிய வாய். இருவருக்கும் நடுவில் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தபடி வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் உட்கார்ந்திருந்தது. அதற்குக் காது கேட்காது. அந்த ஒன்றைத்தான் அவள் சொல்லாமல் இருக்க வேண்டும்.

ஜெமிமா அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். வார்டில் மனிதர்களைப் பார்த்து முடித்துவிட்டு வந்தால் வீட்டுக் கொல்லையில் நாய்கள் இருக்கும். லாரியில் அடிபட்டது, வெந்நீர் ஊற்றப்பட்டது, வாலில் சரவெடி கட்டி விரட்டப்பட்டது என்று ஊர்க்காரர்கள் செய்த புண்ணியமெல்லாம் அங்கிருந்த தகரக் கொட்டகைக்குள் படுத்துக்கிடந்தது. புண் ஆறியதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பாள். இந்த வெள்ளையனை ஆலங்குளத்துப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் கல் குழியிலிருந்து தூக்கி வந்தாள். வெள்ளைக் கல்லுக்கு நடுவே வெள்ளைக் குட்டி கிடந்தது யார் கண்ணுக்கும் படவில்லை. படக்கூடாது என்றுதான் போட்டவன் அந்த இடத்தைப் பார்த்துப் போட்டிருந்தான். மாசுமறு இல்லாத வெள்ளையில் இப்படிச் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பாவிக்கு.

ஜெமிமாவுக்கு அது உடனே தெரியவில்லை. அதற்குக் காரணம் இந்தப் பட்டாசுச் சீமையின் வழக்கம். வேறு ஊர்களில் நாய் வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், நகத்தைப் பார்ப்பார்கள். இங்கே பக்கத்தில் ஒரு குருவி வெடியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பார்கள். தீபாவளி வந்தால் நாய்களெல்லாம் ஊரை விட்டு ஓடுகிற இடத்தில், வெடிக்கு அசையாத நாய்தான் ஆண்பிள்ளை. விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவர் கொளுத்திப் போட்டார். வெள்ளையன் அசையவில்லை. பூரித்துப்போய் அழைத்துக்கொண்டு போனவர், "கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது சிஸ்டர், அம்புட்டுத் திமிரு" என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்குத்தான் ஜெமிமா அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு சருவத்தைப் போட்டுப் பார்த்தாள். பாத்திரம் நசுங்கியது. நாய் அதுபாட்டுக்கு வாலைச் சொறிந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்த சாத்தூர் அச்சாபீஸ்காரரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. "வெடிக்கே கலங்காத நாயைக் குடுக்க மனசில்லாமக் கதை விடுறீக" என்று சிரித்துவிட்டுக் கொண்டுபோனார். வாசலில் படுத்திருந்த நாயைத் தாண்டிக் கள்ளன் உள்ளே போய் வந்த பிறகு அவரும் திருப்பி விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் செவிடு என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள், எல்லாரும் நம்பினார்கள், ஒருவரும் எடுக்கவில்லை.

கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மற்ற நாய்கள் உறுமுவது வெள்ளையனுக்குக் கேட்காது. உறுமுகிற நாயின் தட்டிலேயே போய் வாயை வைக்கும். இரண்டு முறை காதைக் கிழித்தன. போன வாரம் கழுத்தைப் பிடித்துவிட்டன. ஜெமிமா தன் கையாலேயே தையல் போட்டாள். இன்னொரு தடவை நடந்தால் தைப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். வேறு நாய் இல்லாத ஒரு வீடு அதற்கு உடனே வேண்டும். அதனால்தான் அச்சங்குளத்துப் பட்டாசு முதலாளி ரத்தினசாமி நாய் கேட்டு ஆள் விட்டபோது, வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்று அவளே தலையாட்டினாள்.

கம்பெனி கேட்டில் ஜெயக்கொடி என்ற பெண் நின்றிருந்தாள். உள்ளே போகிற பெண்களைத் தடவிச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. ஜெமிமாவின் செல்போன், கொண்டை ஊசி, சேலை ஊக்கு எல்லாவற்றையும் வாங்கித் தகர டப்பாவில் போட்டாள். நாயின் கழுத்துச் சங்கிலியையும் கழற்றினாள். இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று அந்த இடத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலிக்குப் பதில் ஒரு நூல் கயிற்றைக் கட்டிவிட்டு, கழுத்துத் தையலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

வேலை நடக்கிற தனித்தனி அறைகளான கொட்டடிகளுக்குப் பின்னால், புதுச் சரக்கைக் கொளுத்திப் பார்க்கிற பொட்டலில் ரத்தினசாமி காத்திருந்தார். வடக்கேயிருந்து சீசன் ஆர்டருக்கு வந்த ஏஜெண்டுகள் இரண்டு பேர் கூட நின்றார்கள். முதலாளி ஓர் அணுகுண்டைக் கையிலெடுத்தார். நாய்க்குப் பக்கத்தில் வைத்துத் திரியைப் பற்றவைத்தார். எல்லாரும் காதைப் பொத்தினார்கள். வெடித்த வெடியில் ஏஜெண்டுகளில் ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தே விட்டார். வெள்ளையன் ஓர் ஆட்டுப் புழுக்கையை மோந்து கொண்டிருந்தது.

"பாத்தீகளா! சிங்கம்!" என்று ரத்தினசாமி தொடையைத் தட்டினார்.

ஜெமிமா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வேளைச் சோறு கிடைக்கும், வேறு நாய் இல்லை, பெரிய காம்பவுண்டு. தேவனே, கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள். பொறுத்திருப்பாள். அந்த மனுஷன் பேச்சை அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஏலே ராக்கப்பா," என்று போர்மேனைக் கூப்பிட்டார் ரத்தினசாமி. "இதை முன்வாசல்ல கட்டிப் போடு. எந்த ஏஜெண்டு வந்தாலும் பக்கத்துல ஒண்ணைக் கொளுத்திக் காட்டணும். நம்ம கம்பெனி நாய்கூட அசையாதுன்னு ஊரெல்லாம் பேசணும்."

"அதுக்குக் காது கேக்காது அண்ணாச்சி," என்றாள் ஜெமிமா.

சாலமன்ராஜ் வானத்தைப் பார்த்தார். ரத்தினசாமி சிரித்துக்கொண்டே நாய்க்குப் பின்னால் போய் ஓங்கிக் கைதட்டினார். மறுபடி தட்டினார். விசிலடித்தார். புழுக்கையை விட்டு அது தலையைத் தூக்கவில்லை. உட்கார்ந்திருந்த ஏஜெண்டு இப்போது எழுந்து நின்று சிரித்தார். முதலாளியின் முகம் கறுத்தது.

ஆனால் அவர் வியாபாரி. கறுத்த முகம் நொடியில் தெளிந்தது. ஜெமிமாவைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சரி சிஸ்டர், கேக்காட்டிப் போகுது. அதை இன்னும் நாலு பேருகிட்டச் சொல்லாதீக. நிழல்ல கெடக்கட்டும், வேளைக்குச் சோறு போடுதோம். ஒங்க வீட்ல கடிபட்டுச் சாகுறதுக்கு இது தேவலை இல்லையா?"

உண்மைதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "சரின்னு சொல்லு ஜெமி" என்று சாலமன்ராஜ் முழங்கையால் இடித்தார். ஜெமிமா நாயைப் பார்த்தாள். வார்டில் வெந்த தோலைத் துடைக்கிற கை அவளுடையது. ஒரு பொறி என்ன செய்யும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

"காதுதான் கேக்காது அண்ணாச்சி, தோலு வேகும். நீங்க பெருமை பேசுறதுக்குத் தெனமும் நெருப்புப் பக்கத்துல கட்டிப் போட என் நாயைத் தாரதா இல்லை."

"அப்பறம் யாரு வாங்குவா இதை?"

"யாரும் வாங்காட்டிப் போகட்டும். கொட்டகையில நாய்களுக்கு நடுவுல நானே பாயைப் போட்டுப் படுத்துக்கிடுதேன். ஒங்க வாசலுக்கு வராது!"

சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கொட்டடிகளைத் தாண்டுவதற்குள் வீறாப்பெல்லாம் வடிந்துவிட்டது. வீறாப்பாகப் பேசியாயிற்று. சாயங்காலம் அதே கொட்டகைக்குத்தானே திரும்பப் போகிறது இந்தச் சீவன்? பாய் போட்டு எத்தனை நாள் படுப்பாள்? தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. சாலமன்ராஜ் பத்தடி தள்ளியே பின்னால் வந்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கேட்டில் ஜெயக்கொடி ஊக்கையும் ஊசியையும் போனையும் எடுத்துக் கொடுத்தாள். சங்கிலியைக் கொடுக்கவில்லை.

"இந்த நாயை எனக்குத் தாங்க சிஸ்டர்."

ஜெமிமாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஒங்களுக்கும் சிங்கம் கேக்குதோ? இது செவிட்டு நாய்!"

"தெரியும். நீங்க போட்ட சத்தம் இங்கன வரைக்கும் வந்துச்சு. அதுனாலதான் கேக்கேன்."

"காவலுக்கு ஆகாது."

"காவல் காக்க எங்க வீட்ல என்ன இருக்கு?"

"வேற நாய் வளக்கீகளா?"

"வளத்தேன். போன தீவாளிக்கு ஓடுனது, இன்னும் வரலை." ஜெயக்கொடி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் வேற ஒரு கம்பெனியில வெடிமருந்துக் கலவைக்காரரு. அங்கனயே ஒரு வெடி விபத்துல போயிட்டாரு. அதுலருந்து எங்கயாச்சும் டமால்னு கேட்டா, எந்தக் கம்பெனியோன்னு ஊரே வெளிய ஓடும். நான் கட்டிலுக்கு அடியில ஓடுவேன். நாப்பது வயசுப் பொம்பளை சிஸ்டர், வெக்கமா இருக்கு. அந்த நாயும் எனக்கு முந்தி ஓடிப் போய்ப் படுத்துக்கிட்டு நடுங்கும். ரெண்டு பேருமா நடுங்கிக்கிட்டுக் கெடப்போம். இது படுத்த எடத்துலயே படுத்திருக்கும்லா? ஒண்ணுமில்லடின்னு யாராச்சும் சொல்ற மாதிரி இருக்கும்."

ஜெமிமா கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். அதற்குள் ரத்தினசாமியின் கார் ஏஜெண்டுகளோடு கேட்டுக்கு வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன ஜெயக்கொடி, நீ வாங்குதியா? காது கேக்காத நாயை வெச்சு என்ன செய்யப் போற?"

ஜெயக்கொடி இத்தனை வருஷத்தில் அவரிடம் ஆமாம், சரி தவிர வேறு பேசியதில்லை. கேட்டைத் திறக்காமல் நின்றாள்.

"ஒங்க வெடிச் சத்தம் கேக்காத ஒரு சீவனாவது எங்க வீட்ல இருக்கட்டும் மொதலாளி."

காருக்குள் யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்கு வேலைக்கு வரணும்லா நீ?" என்றார் ரத்தினசாமி.

"வருவேன். வந்து எல்லாரு ஊக்கையும் கழத்துவேன். சாயங்காலம் நாய்கிட்டப் போவேன்."

ஜெமிமா கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். "கூப்பிடணும்னா தரையில ஓங்கி மிதிங்க," என்றாள். "அதுக்குக் காலு வழியாத் தெரியும்."

ஜெயக்கொடி கயிற்றைக் கீழே விட்டாள். கார் ஹார்ன் அடித்தது. காரைப் பார்த்துக்கொண்டே, செருப்பில்லாத காலால் அந்த மண்ணில் தன் பலம் கொண்ட மட்டும் ஒரு மிதி மிதித்தாள். நாய் திரும்பி அவளிடம் வந்தது.