பதினாறு எழுத்துக்கு மேல்

சோதனைச் சாவடியில் இனிஷியல் செல்லாது. அடையாள அட்டையிலும் கம்பனி அட்டையிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அது. அதனால், அங்கேயே அறை எடுத்து, கொள்ளுப்பிட்டியில் கணினி வேலை பார்த்த அருந்ததி, தன் அட்டைக்கு முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்தாள்: அருந்ததி இரத்தினசிங்கம். கம்பனியின் பெயர்ப் பதிவை வைத்திருந்த சேர்வர் பொத்தென்று விழுந்தது.

திரும்ப அடித்தாள். திரும்ப விழுந்தது. அப்பா பருத்தித்துறையில் இருந்தபடியே கொழும்பில் சேர்வரைச் சாய்க்கிறார் என்று சிரித்தாள். உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது. சேர்வரை இயக்கிய, வெளிநாட்டான் விற்ற மென்பொருள், பெயருக்குப் பதினாறு எழுத்து இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சி வருவதைத் தடுக்க மறந்திருந்தது. காலி வீதி பஸ்ஸில் இருவர் சீட்டில் நாலுபேர் நெருக்கினால் கடைசி ஆள் டிரைவரின் மடியில் விழுவாரே, அப்படி மிஞ்சிய எழுத்துகள் பக்கத்து நினைவகத்தில் விழுந்து கட்டளைகளை அழித்தன. கெட்டிக்காரக் கள்ளன் எழுத்துகளைத் தெரிந்தெடுத்து அனுப்பினால் ஸ்டியரிங்கே அவன் கையில். பிறகு முழுச் சேர்வரும் அவனுடையது.

பிரிவுத் தலைவர் அலவி நல்ல மனிதர். அவள் ஓட்டையைச் சொன்னதும், கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

"உடைக்கிற வழி ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"உடைக்கேல்லை சேர். என்ர பேரை அடிச்சனான்."

"அதத்தான் மேல சொல்ல ஏலாது. தமிழ்ப் புள்ள ஒண்டு சேர்வர விழுத்தினாண்டு சீஐடி வந்தா நான் என்ன சொல்ற? வித்தவனுக்கும் எழுத வாணாம். பேர பதினாறோட வெட்டி உடுங்க."

"அட்டையில பேர் மாறுமே சேர்."

"கேட்டா கம்பனிக்கு போன் கோல் எடுக்கச் சொல்லுங்க. இருக்காங்கண்டு சொல்லுவாங்கதானே."

ஓட்டையைக் காட்டினவள் கள்ளியாம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வெட்டினாள், வேலை போனால் அறை போகும், அறை போனால் பஸ்தான். இனி எவரும் நீளப் பெயரைத் தேடிச் சேர்வரைச் சாய்க்கக்கூடாதென்று, பதினாறைத் தாண்டினால் 'அப்படி ஒருவர் இங்கு இல்லை' என்று பதில் சொல்லவும் சேர்வரைப் பழக்கினாள். எல்லாருக்கும் புது அட்டை வந்தது. மீசை முறுக்கித் திரியும் இரத்தினசிங்கம் மகளின் அட்டையில் ஆங்கில Rathi-யோடு அறுந்து வெறும் 'ரதி' ஆகிவிட்டார். சிங்களப் பெயர்களும் சில வெட்டுப்பட்டன. அந்தப் பெயர்க்காரரைச் சாவடியில் யாரும் மறிக்கவில்லை.

திங்கட்கிழமை பம்பலப்பிட்டிச் சாவடியில் ஆமிக்காரன் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "நம் தெகக்," என்றான் சிங்களத்தில். இரண்டு பெயராம்.

அவளைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட், அலவி சொன்ன மாதிரியே கம்பனிக்குக் கோல் எடுத்து, அடையாள அட்டைப் பெயரை வாசித்தார். 'அருந்ததி ரதி' என்று தேடச் சொல்ல வாயெடுத்த அருந்ததி அடக்கிக்கொண்டாள். பொய்ப் பெயரும் வைத்திருக்கிறாள் என்றாகிவிடும். கம்பனி வரவேற்பில் இருந்த ஸ்ரனிஸ்லாஸ் யாருக்கும் கெடுதல் நினையாதவர். முழுப் பெயரையும் நிதானமாக அடித்தார். சேர்வர் விழவில்லை. உடனே பதில் தந்தது. அவர் அதை அப்படியே வாசித்தார்.

சார்ஜன்ட் ரிசீவரை வைத்துவிட்டு, அப்படி ஒருவர் அங்கு இல்லையாம் என்றார். அந்த வசனத்தை எழுதியவள் அருந்ததிதான்.