வாலிடிட்டி முப்பது நாள்

மௌரீனின் ஓவன் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஹாலில் ஜன்னலோரமாக இடுப்புயரத்துக்கு நிற்கும் அந்தப் பெட்டியின் மேல் ஒரு விரிப்பு. விரிப்பின் மேல் அவள் புருஷன் கிளெமென்ட்டின் சோலார் ஃபைல்கள். வருகிறவர்கள் அதை மேஜை என்றே நினைத்துக் காபி டம்ளரை வைப்பார்கள். மௌரீன் திருத்துவதில்லை. திருத்தினால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சொன்னால் கோபம் வரும்.

கதை இதுதான். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவள் மௌரீன். கைக்கு வந்த பணத்தில் தனக்கென்று அவள் வாங்கியது ஒன்றே ஒன்று. ஒரே தடவையில் எட்டு கேக் வேகும் கரண்ட் ஓவன். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவளுடைய பிளம் கேக்குக்குத் தனிப்பெயர் உண்டு. நவம்பர் பிறந்தால் போதும், பூசை முடிந்து கோயில் வாசலிலேயே ஆர்டர் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவளிடமிருந்த சின்ன ஓவனில் இரண்டிரண்டாகச் சுட்டு, பாதிப் பேருக்கு இந்த வருஷம் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அறுபது வயதுக்கு மேல் சொந்தமாக ஒரு கேக் கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை. அதைவிட்டால் அவளுக்கு வேறு ஆசையும் இல்லை.

ஓவன் வந்த நேரம் பார்த்து சர்க்கார் கிருஹ ஜோதி திட்டம் கொண்டுவந்தது. மாதம் இருநூறு யூனிட்டுக்குள் நின்றால் வீட்டுக் கரண்ட் பில் பூஜ்யம்; தாண்டினால் மொத்தத்துக்கும் கட்ட வேண்டும். முதல் பூஜ்ய பில்லைக் கையில் வாங்கியபோது கிளெமென்ட்டின் முகத்தில் தெரிந்த பரவசம் அவர்கள் கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்திலும் இல்லை. பில்லை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.

"ஓவன் போட்டா ஐந்நூறு யூனிட் தாண்டிடும் மௌரீன். பேசாம மாடில சோலார் போட்டுடலாம். அப்புறம் நீ உன் இஷ்டத்துக்குக் கேக் சுடு. யார் கேக்கப்போறா?"

மௌரீன் சரி என்றாள். ரெண்டு மாதத்தில் வந்துவிடும் என்று நினைத்தாள். கணக்கு டீச்சர் போட்ட தப்புக்கணக்கு அது.

ஏனென்றால் கிளெமென்ட் வேலை பார்த்தது ஒரு பெரிய சர்க்கார் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில். மூன்று கொட்டேஷன் இல்லாமல் அங்கே ஒரு ஆணிகூட வாங்க முடியாது. மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டு, குறைந்த ரேட் கொடுத்தவனுக்கு எல்1 என்று பெயர் வைத்து, அதன்பிறகுதான் ஆர்டர். முப்பத்தெட்டு வருஷம் அதைச் செய்த மனிதர் ரிட்டயரானார், பழக்கம் ரிட்டயராகவில்லை. தேனிலவுக்கு ஊட்டி போனபோது அவர் அவளிடம் பெருமையாகச் சொன்ன முதல் சேதியே, மூன்று பெண் பார்த்து அதில் அவளைத் தேர்ந்தெடுத்தது பற்றித்தான். எந்த வகையில் தான் எல்1 ஆனோம் என்று மௌரீன் இன்றுவரை கேட்கவில்லை.

மூன்று கொட்டேஷன் வாங்குவது என்ன பிரம்மவித்தையா என்று கேட்கலாம். வாங்குவது சுலபம். ஆனால் சோலார்காரன் கொடுக்கும் கொட்டேஷனுக்கு ஆயுசு முப்பது நாள். அதன்பிறகு ரேட் மாறும். ஆஸ்டின் டவுனிலிருந்து நரேஷ் என்ற இளைஞன் முதலில் வந்தான். மூன்று கிலோவாட்டுக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே எழுதிக் கொடுத்தான். இரண்டாவது ஆளைக் கண்டுபிடித்து, அவனுடைய பேனல் வேறு ரகம் என்பதால் அந்த ரகத்தைப் பற்றிப் படித்து, குறிப்பெடுத்து, மூன்றாவது ஆளை வரவழைப்பதற்குள் நரேஷின் கொட்டேஷன் செத்துப்போகும். செத்த கொட்டேஷனை ஒப்பிடக்கூடாது, ரூல் அப்படி. மறுபடி நரேஷுக்கு ஃபோன். அவன் புதிதாகக் கொடுப்பதற்குள் இரண்டாவது செத்திருக்கும்.

முதல் வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டாவது வருஷம் மத்திய சர்க்கார் எழுபத்தெட்டாயிரம் மானியம் அறிவித்தது. ஊரெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க, கிளெமென்ட் மானியத்துக்கென்று ஒரு புதிய கட்டம் சேர்த்தார். பிறகு பேட்டரி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கட்டம். பேனலைக் கழுவ எத்தனை வாளித் தண்ணீர் ஆகும் என்று ஒரு கட்டம். தாள் போதாமல் பக்கவாட்டில் ஒட்டி ஒட்டி, விரித்தால் ஓவன் பெட்டியின் இரண்டு பக்கமும் தொங்கும் அளவுக்கு வளர்ந்தது. மௌரீன் தினமும் அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போனாள். சில நாள் அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்பதில்லை. அடுத்தவர் காரியம் என்றால் மின்னல்வேகம்தான். அவருடைய தம்பி லாயிட் பக்கத்திலேயே, தெற்குப் பக்கம், அப்பா பிரித்துக் கொடுத்த பாதி மனையில் ஓட்டு வீட்டில் இருந்தான். அதை இடித்து ஃபிளாட் கட்ட பில்டர் தேடினான். கிளெமென்ட் பதினெட்டே நாளில் மூன்று பில்டர்களைப் பிடித்து, மூன்று கொட்டேஷனையும் உயிரோடு ஒரே தாளில் உட்காரவைத்து, தம்பிக்கு அதிக மாடி கட்டித் தருகிறவனைச் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார். மற்ற இருவரும் மூன்று மாடி சொன்னார்கள். இவன் கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி. "உனக்கு ஒரு ஃபிளாட் எக்ஸ்ட்ரா வருது பார்ரா," என்று தம்பி முதுகில் தட்டினார். கட்டடம் ஒன்றரை வருஷத்தில் எழும்பியது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் மௌரீன் சொன்னாள். "மாடில துணி காயவே மாட்டேங்குது."

"கிளைமேட் அப்படி. பெங்களூர் முன்ன மாதிரியா இருக்கு?" என்றார் கிளெமென்ட். துணி உலர்த்தும் மெஷினுக்குக் கொட்டேஷன் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மூன்றாவது வருஷம் அக்டோபரில்தான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்று கொட்டேஷனும் ஒரே நாளில் உயிரோடு இருந்தன. கிளெமென்ட் தேதிகளை இரண்டு முறை சரிபார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் பார்த்தார்.

"மௌரீன், முடிஞ்சுது. நரேஷ்தான் எல்1."

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலில் வந்தவனும் நரேஷ்தான் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அன்றைக்கே திராட்சையும் முந்திரியும் வாங்கி வந்து, பெரிய ஜாடி நிறைய ரம்மில் ஊறப்போட்டாள். எட்டு கேக் வேகும் ஓவனுக்கான அளவு.

நரேஷ் கடைசி அளவெடுக்க மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தான். மூன்று பேரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். நரேஷ் டேப்பை எடுத்தவன், எடுத்தபடியே நின்றுவிட்டான். மாடியைப் பார்த்தான். அப்புறம் தலையை நிமிர்த்தி லாயிட்டின் கட்டடத்தைப் பார்த்தான். மாடி முழுவதும் அதன் நிழல் விழுந்திருந்தது. வடக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மட்டும் வெயில் கிடந்தது.

"சார், இது எப்ப வந்துச்சு? நான் போன தடவை வரும்போது இல்லியே."

"எது?" என்றார் கிளெமென்ட்.

"பில்டிங் சார். உங்க தாள்ல நிழல் கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

கிளெமென்ட் தாளை விரித்தார். முதல் வருஷம் அவர் கையாலேயே எழுதியிருந்தது. நிழல்: இல்லை. எல்லாக் கட்டத்தையும் மூன்று வருஷம் மாற்றி மாற்றி எழுதியவர், அந்த ஒன்றை மட்டும் தொடவே இல்லை. ரேட்டில் அது சேராது அல்லவா.

"அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் சூரியன் தெற்க சாஞ்சுதான் போகும் சார். இந்த நிழல்ல பாதி கரண்ட்கூட வராது. என்னால போட முடியும், காசும் வாங்கிக்கலாம். ஆனா நாளைக்கு நீங்க என்னைத்தான் திட்டுவீங்க." அவனுக்கே சங்கடமாக இருந்தது. "நாலு மாடிக்குப் போயிட்டாங்களே. மூணு மாடின்னாகூட ஸ்வல்ப பார்க்கலாம். யார் சார் இதுக்கு ஐடியா கொடுத்தது?"

கிளெமென்ட் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரேதான்," என்றாள் மௌரீன். "மூணு கொட்டேஷன் பார்த்து."

அந்த நிமிஷத்திலாவது கிளெமென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பு செய்துவிட்டேன் என்றோ, ஓவனைப் போட்டுக்கொள், பில் வந்தால் வரட்டும் என்றோ சொல்லியிருந்தால் மௌரீன் மன்னித்திருப்பாள். அவள் அதற்காகவே காத்துக்கொண்டும் நின்றாள். அவரோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நரேஷ், இரும்பு ஸ்டாண்ட் அடிச்சு பேனலை மேல தூக்கிட்டா? பதினஞ்சு அடி, இருபது அடி? அதுக்குத் தனியா ஒரு கொட்டேஷன் குடு. ஃபேப்ரிகேஷன்ல இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுடறேன்."

மௌரீன் கீழே இறங்கிவிட்டாள்.

இறங்கியவள் நேராக லாயிட் வீட்டுக்குப் போனாள். கட்டடத்தின் தரைத்தளத்தில், பார்க்கிங் போக, தெருவைப் பார்த்த மாதிரி லாயிட்டின் பங்கில் ஒரு சின்னக் கடை காலியாகக் கிடந்தது.

"லாயிட், அந்த ரூமை எனக்கு வாடகைக்குக் கொடு."

"எடுத்துக்கோங்க அண்ணி. சும்மாதான கெடக்கு."

"எவ்வளவு?"

"நீங்களே சொல்லுங்க."

"எட்டாயிரம்."

"சரி அண்ணி. கடை மீட்டர் தனியா இருக்கு, உங்க ஓவன் தாங்கும். மாடில சோலார் வேற போடப்போறேன், தெரியுமில்ல? நம்ம நரேஷ்கிட்டதான். நேத்து அண்ணன் ஃபைல்லேர்ந்துதான் நம்பர் எடுத்தேன். மூணு வருஷமா அவர் சலிச்சு எடுத்த ஆளு, நான் எதுக்குத் தனியா சலிக்கணும்?"

மௌரீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீரும் வந்தது. மூன்று வருஷமாக அவள் வீட்டு ஹாலில் கிளெமென்ட் காய்ச்சிய கஞ்சியை ஒரே நாளில் குடித்துவிட்டான் லாயிட்.

மறுவாரம் இரண்டு லோடர்கள் வந்து ஓவனைத் தூக்கினார்கள். மௌரீன் அதன் மேலிருந்த ஃபைல்களை ஒன்றுவிடாமல் எடுத்துத் தரையில் அடுக்கினாள். வரிசைகூட மாறவில்லை.

"ஒரே பார்ட்டிகிட்ட பேசி முடிச்சியா? சிங்கிள் டெண்டரா?" என்றார் கிளெமென்ட். அவருக்கு மனைவி கடை போடுவதில் வருத்தமில்லை. முறை தவறியதில்தான் வருத்தம்.

"ஆமா," என்றாள் மௌரீன். லோடர்களோடு வெளியே போனாள்.

டிசம்பரில் அந்தக் கடை வாசலில் வரிசை நின்றது. காலையில் எட்டு, மத்தியானம் எட்டு, சாயங்காலம் எட்டு. யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம், வரிசை கரைந்து இரண்டு மூன்று பேர் நின்றபோது, கிளெமென்ட் வந்தார். கல்லாவுக்குப் பின்னால் அலமாரியின் மேல்தட்டில் ஒரு கேக்கை மௌரீன் காலையிலேயே எடுத்து வைத்திருந்தாள். சிவப்புக் காகிதம் சுற்றி, வீட்டுக்கென்று.

"பழைய ஆபீஸ் ஆளுங்களுக்கு ஆறு கேக் கொடுக்கணும் மௌரீன். கிலோ என்ன ரேட்?"

"எழுநூறு."

"எழுநூறா?" கிளெமென்ட் முகத்தைச் சுளித்தார். "கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?"

முப்பத்தேழு வருஷம் அவரோடு வாழ்ந்தவள் அவரை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தாள். வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"மெயின் ரோட்டுல இன்னும் ரெண்டு பேக்கரி இருக்கு. ரேட் கேட்டு எழுதிட்டு வாங்க. என் கொட்டேஷன் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வாலிட்."

வரிசையில் நின்ற அம்மாள் சிரித்துவிட்டாள். கிளெமென்ட் சிரிக்கவில்லை. தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, எழுநூறு என்று குறித்து, பக்கத்தில் தேதியும் நேரமும் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தெருமுனை திரும்பும் வரை மௌரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி அடித்தது. ஐந்தேகால் ஆயிற்று. தட்டுகள் எல்லாம் காலியாகிவிட்டிருந்தன. கடைசியாக மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பிள்ளைக்காரி, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஒன்றாவது கிடைக்குமா ஆன்ட்டி என்று கேட்டபடியே காசை நீட்டினாள்.

மௌரீன் கையை உயர்த்தி மேல்தட்டிலிருந்த சிவப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.