செத்தாலும் சைக்கிளை விடாதே

ஜெர்மன்காரன் மேல் இருந்ததைவிட அந்த மடிப்பு சைக்கிள் மேல்தான் கார்ப்பரல் வெண்டல் ஹௌக்குக்குக் கோபம் அதிகம். முதுகில் மூட்டை, இடுப்பில் தோட்டா, தோளில் துப்பாக்கி. இது போதாதென்று ஆளுக்கொரு சைக்கிள். பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியதும் ஏறி மிதித்துக்கொண்டு ஊருக்குள் போய்விடலாமாம். எந்தப் புண்ணியவான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்தானோ! அவன் கையிலும் ஒன்றைக் கொடுத்து இந்த அலையில் நிற்கவைக்க வேண்டும் என்று வெண்டல் பல்லைக் கடித்தான்.

கப்பல் ஆடிய ஆட்டத்தில், பக்கத்தில் ஆர்வில் டெஸ்கி வாந்தியெடுக்கக் காகிதப் பைக்குள் தலையை விட்டிருந்தான்.

"இன்னுமாடா மிச்சம் இருக்கு உள்ள?"

"நேத்து சாப்பிட்டது தீர்ந்துபோச்சு, கார்ப்பரல். இப்ப போன வாரத்துது வருது."

டெஸ்கி கனடாவின் சஸ்காச்சுவான் கோதுமைக் காட்டுக்காரன். குதிரைத் தொட்டியைவிட ஆழமான தண்ணீரைப் பட்டாளத்தில் சேரும்வரை கண்டதில்லை. நீச்சல் சுத்தமாக வராது. இவனைக் கடைசிப் படகில் அனுப்புங்கள் என்று வெண்டல் கேட்டுப் பார்த்தான். கேட்டதற்கு வசவுதான் கிடைத்தது. ஆகவே இன்று வெண்டலுக்கு இருந்தது ஒரே கவலை. இந்தப் பயலை உயிரோடு கரை சேர்க்க வேண்டும்.

சைக்கிள் விஷயத்தில் இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துப் பயிற்சியில் டெஸ்கி சைக்கிளைத் தண்ணீரில் நழுவவிட்டான். சார்ஜன்ட் லெய்ட்லா அத்தனை பேர் முன்னால் வெண்டலைப் பிடித்துக் காய்ச்சினார். அந்த எரிச்சலில் வெண்டல், "செத்தாலும் சைக்கிளை விடாதடா!" என்று கத்தினான். அன்றோடு விட்டானா? கஞ்சி குடிக்கும்போதும் சொன்னான், பூட்ஸ் துடைக்கும்போதும் சொன்னான்.

கப்பல் மணலில் தட்டி நின்றது. இடுப்பளவுதான் தண்ணீர் என்றார்கள். இறங்கினால் மார்புக்கு வந்தது. மாலுமி ஒருவன் கரைவரை கயிறு கட்டியிருந்தான். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சைக்கிள் என்று டெஸ்கி முன்னால் போனான். வெண்டல் பின்னால் திட்டிக்கொண்டே போனான்.

பாதி தூரத்தில் பெரிய அலை ஒன்று வந்தது. டெஸ்கியின் கால் வழுக்கியது. ஒரு கை தளர்ந்தது. அந்த மடையன் விட்டது கயிற்றை.

"சைக்கிளை விடுடா!"

டெஸ்கியின் தலை மேலே வந்தது. மாட்டேன் என்பதுபோல் ஆடிவிட்டு மறுபடி உள்ளே போனது.

வெண்டல் தன் சைக்கிளை வீசிவிட்டுப் பாய்ந்தான். தண்ணீருக்குள் துழாவினால் சைக்கிள் கம்பியைச் சுற்றி இறுகிப்போன விரல்கள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று இறுகியது. பயத்தில் வெண்டலுக்கு அழுகையே வந்தது. கடைசியில் கட்டைவிரலை ஒடிக்காத குறையாக முறுக்கிப் பிரித்து, மூட்டை வாரைப் பற்றி மணல்வரை இழுத்து வந்து போட்டான்.

டெஸ்கி இருமி இருமிக் கடலில் பாதியைக் கக்கினான். கண் திறந்ததும், "என் சைக்கிள் எங்கே?" என்றான்.

"சனியன் கடல்ல கிடக்கு! உசிரு போயிருக்கும்டா, விட்டுத் தொலைச்சா என்ன?"

"நீங்கதானே சொன்னீங்க, செத்தாலும் விடாதேன்னு."

வெண்டல் அவன் முதுகில் ஓங்கித் தட்டி மிச்சத் தண்ணீரையும் கக்கவைத்தான்.

அப்போது சார்ஜன்ட் லெய்ட்லா கத்திக்கொண்டே வந்தார். "ஊருக்குள்ள வண்டி மேல வண்டி நிக்குது, எறும்பு போக வழியில்ல! சைக்கிளையெல்லாம் சுவரோரம் போட்டுட்டு நடங்கய்யா!"

ஆட்கள் சந்தோஷமாக வீசினார்கள். சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குவிந்தன. வெண்டல் அந்தக் குவியலையே வெறித்துப் பார்த்தான். ஏறி மிதிக்க வேண்டும்போல் இருந்தது, காலால்.

டெஸ்கி தள்ளாடி எழுந்தான். "அப்ப, இனிமே எதை விடாம புடிச்சுக்கணும், கார்ப்பரல்?"

கிண்டல் இல்லை. பாவி நிஜமாகவே கேட்டான்.

வெண்டல் திரும்பி முதுகைக் காட்டினான். "இந்த வாரைப் புடிச்சுக்கிட்டு வா. நான் விடுன்னு சொன்னா மட்டும் விட்டுடுடா. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."