பட்டறைக்கு வந்த வெளிச்சம்

காலைச் சந்தையில் மாட்டிறைச்சி விற்கும் சொம்வாங் வெட்டுக்கத்தியோடு வந்தாள். உள்ளே வந்து பட்டறைக்கல்லின் மேல் அதை வைக்கவில்லை. கண்டதையும் அதன் மேல் வைக்கக் கூடாது என்பது நாம்கான் என்ற ஆற்றின் கரையில் இருந்த அந்தக் கொல்லர் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். வாசலில் நின்றபடியே கையை நீட்டினாள்.

"மனிவோன் அப்பா, உங்க கத்திக்குப் பல்லு விழுந்துருச்சு. பாருங்க, எங்க மாமியா வாய் மாதிரி இருக்கு."

கொல்லன் தொங்பன் கத்தியை வாங்கி அதன் வெட்டுவாயில் விரலை ஓட்டினான். மூன்று நான்கு இடத்தில் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்திருந்தது.

"எதை வெட்டுனே?"

"எலும்பைத்தான். பின்னே வாழைத்தண்டு வெட்டவா வாங்குனேன்? முந்தி உங்ககிட்ட வாங்குனது, என் மூத்தவன் பொறந்தப்ப வாங்குனது. அவனுக்கே கல்யாணம் ஆயாச்சு, அது இன்னும் வெட்டுது."

"வேற அடிச்சுத் தரேன் சொம்வாங்."

"போன தடவையும் அதைத்தானே சொன்னீங்க," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற அவன் மனைவி பூவான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பட்டறையில் அவன் சின்னச் சுத்தியல், அவள் பெரிய சம்மட்டி. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் இடுக்கியால் இரும்பைப் பிடித்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவான். தட்டின இடத்தில் அவள் சம்மட்டி விழும். மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. பட்டறைக்கல்லின் விளிம்பில் தட்டினால் போதும், நிறுத்து என்று அர்த்தம். வீட்டில் வாய் ஓயாமல் சண்டை போடுகிறவர்கள்தான். பட்டறைக்குள் அந்தச் சத்தத்தைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சே வேண்டியிருக்காது.

கத்திகள் உதிர ஆரம்பித்தது குளிர்காலம் முடிந்த பிறகு. எல்லாக் கத்தியும் உதிர்ந்தாலாவது இரும்பு சரியில்லை என்று விடலாம். அதே லாரி வில்லுப்பட்டையில் வெட்டியெடுத்த துண்டுகள்தான், ஒன்று நன்றாக வருகிறது, ஒன்று பல் உதிர்கிறது. தொங்பன் இரும்பை மாற்றிப் பார்த்தான், கரியை மாற்றிப் பார்த்தான், தோய்க்கிற தண்ணீரை ஆற்றிலிருந்து புதிதாகக் கொண்டுவந்து ஊற்றினான். பிறகு ஒருநாள் அவனுக்கே பளிச்சென்று பட்டது: கூரை போட வந்த ஆட்களில் எவனோ பட்டறைக்கல்லைக் காலால் தாண்டியிருக்கிறான், அந்தக் குற்றம்தான் கத்தியில் இறங்குகிறது.

கூரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலைநகர் வியன்டியானில் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் மனிவோன் அனுப்பிய கூரை அது. பழைய கீற்றுக் கூரை ஒழுகுகிறது, அப்பா இருட்டில் குனிந்து குனிந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார் என்று, தகரத்துக்கு நடுநடுவே வெளிச்சம் விழும்படி கண்ணாடி ஷீட் வைக்கச் சொல்லியிருந்தாள். குளிர்கால முடிவில் கூரை வேய்ந்த அன்று தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. "கோயில் மாதிரி இருக்கு," என்றான் தொங்பனின் பெரியப்பா மகன் சீபாய். அவனும் கொல்லன்தான், அவன் பட்டறை இன்னும் புகையேறின கீற்றுக்குள்தான் இருந்தது.

பட்டறைக்கல்லைத் தாண்டிய குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார்கள். வாழையிலைக் கூம்பில் சாமந்தி, மெழுகுவர்த்தி, அவித்த கோழி, அரிசிச் சாராயம். தொங்பன் சுத்தியலையும் சம்மட்டியையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துக் கும்பிட்டான்.

மறு வாரம்தான் சொம்வாங் கத்தியோடு வந்தது.

அன்று மத்தியானம் தொங்பன் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டுத் தொட்டு வைத்தானே தவிர வாயில் போடவில்லை.

"கை போயிருச்சு," என்றான்.

"எந்தக் கை? சோத்துல இருக்கே, அதுவா?"

"விளையாடாதே. சீபாய் அண்ணன் கூப்புடுறாரு. புதுவருஷம் கழிஞ்சதும் அவரு பட்டறைக்குப் போயிடலாம்னு இருக்கேன். கரி சுடுறேன், தீட்டுறேன். என் பேர்ல இனிமே கத்தி வேண்டாம்."

பேர் கெட்டதைக்கூடப் பூவான் தாங்கிக்கொள்வாள். இவன் இன்னொருவர் பட்டறையில் கரி அள்ளிக்கொண்டு நிற்பதையும், தான் இந்தப் பக்கம் சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதையும் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"புதுவருஷம் வரைக்கும் அடிப்போமில்ல?" என்றாள்.

"அடிப்போம். சொம்வாங்குக்கு ஒண்ணு தரணும்."

அடித்தார்கள். வெயில் கண்ணாடி ஷீட் வழியாகக் கட்டி கட்டியாக உள்ளே விழுந்தது. அவன் உலையைப் பார்த்தபடியே இருந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்து இரும்பை எடுத்தான். செம்பருத்திப் பூ நிறம், அடிக்கச் சரியான பதம் என்று அவன் கண் சொன்னது. அவள் ஓங்கினாள். இரும்பு மாவுபோல அமுங்கிக் கொடுத்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் அமுங்குகிறது. இந்த வயதில் நமக்கு இவ்வளவு பலமா என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வெளியே சொல்லவில்லை, சொன்னால் அவன் கேலி செய்வான்.

பாதி வேலையில் வானம் மூடிக்கொண்டது. மாங்காய் சமயத்தில் திடுதிப்பென்று வருமே, அந்த மழை. பட்டறை இருண்டது. அவன் அடுத்த துண்டை உலையில் வைத்து, எடுத்துப் பிடித்துத் தட்டினான். அவள் அடித்தாள். சம்மட்டி எகிறிக்கொண்டு திரும்பி வந்தது. இரும்பு இடம் கொடுக்கவில்லை.

"என்ன, பூவைப் பறிக்கிற மாதிரி அடிக்கிறே?" என்றான் அவன்.

"நான் அதே மாதிரிதான் அடிக்கிறேன்."

"அடிச்சே, போ! சோறு தின்னியா இல்லையா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். தோள் இற்றுப்போயிற்று. தட்டையாவதற்குள் அவன் இரண்டு தடவை அதிகமாக உலையில் வைக்க வேண்டியிருந்தது.

மழை விட்ட பிறகு இரண்டு கத்தியையும் தோய்த்து, தீட்டி, பழைய எருமைக் கொம்பில் வெட்டிப் பார்த்தான். வெயிலில் அடித்தது உதிர்ந்தது. மழையில் அடித்தது கொம்பில் ஆழ இறங்கி நின்றது. அவன் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று வரும், ஒன்று போகும், பழகிவிட்டது.

பூவான் மட்டும் தோளைத் தேய்த்துக்கொண்டே அந்தக் கொம்பைப் பார்த்தபடி இருந்தாள். எந்தக் கத்திக்குத் தன் தோள் வலித்ததோ அதுதான் நின்றிருக்கிறது. விடியலில், வெளிச்சம் ஏறுவதற்கு முன்னால் அடித்த கத்தி எதுவும் திரும்பி வந்ததில்லை என்பதும் ஞாபகம் வந்தது. சொம்வாங்கின் கத்தியை உச்சி வெயிலில் அடித்தது இன்னும் நன்றாக ஞாபகம் வந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

மறுநாள் காலை அவன் ஆற்றில் குளித்துவிட்டு வருவதற்குள் ஏணி வைத்து ஏறி, நெல் காயப்போடும் பாய்களைக் கண்ணாடி ஷீட்களின் மேல் விரித்துக் கல் வைத்துவிட்டாள்.

"என்ன வேலை இது?"

"தலையில வெயில் அடிக்குது. எனக்கு மயக்கமா வருது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே உலையை மூட்டினான். உலையைச் சரியாகப் பார்க்காமல், பழகின நேரம் வரை காத்திருந்து இரும்பை வெளியே எடுத்தவன், இடுக்கியோடு அப்படியே நின்றான். இருட்டில் அந்த இரும்பு பழுத்த எலுமிச்சைபோல வெளுத்திருந்தது. ஓரத்தில் பொறி பறந்தது.

"வெந்து போச்சு," என்றான். "இவ்வளவு சூடேறுனா உதிரத்தான் செய்யும். இது எப்படி..."

அவள் வாசலுக்கு வெளியே போய் ஒரு பாயின் ஓரத்தைக் கம்பால் தூக்கினாள். வெயில் உள்ளே விழுந்தது. அவன் இடுக்கியில் இருந்த இரும்பு கண்ணெதிரே செம்பருத்தி நிறமாயிற்று. பாயை விட்டாள், மறுபடி எலுமிச்சை.

தொங்பன் இரும்பை மணலில் போட்டான். கரி மூட்டையின் மேல் உட்கார்ந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாதபடி முகத்தைத் துண்டால் துடைத்தான்.

"கூரை போட்டவன் பாவம். தாண்டுனான் தாண்டுனான்னு எவ்வளவு திட்டுனேன்," என்றான் கடைசியில்.

"கோழியைத் தின்னது நாமதானே. விடுங்க."

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"இரும்பு மெத்து மெத்துன்னு இருந்துச்சு. எனக்குப் பலம் கூடிருச்சுன்னு நெனச்சுட்டேன்."

இப்போது அவன் சிரித்தான், சந்தேகமில்லாமல். பிறகு சட்டென்று நின்றது சிரிப்பு. "மனிவோன்கிட்ட என்ன சொல்றது? பார்த்துப் பார்த்துப் போட்ட கூரை."

அன்று சாயங்காலம் பூவான்தான் போன் செய்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"அப்பாவோட கண்ணு கெட்டுருமேன்னுதானேம்மா போட்டேன்," என்றாள் மகள். குரல் உள்ளே போயிருந்தது.

"தெரியும்டி. நீ பார்த்தது சரி. ஆனா உலைக்காரன் கண்ணு வெளிச்சத்துலதான் தடுமாறும்னு நீயும் மறந்தே, அவரும் மறந்துட்டாரு. இருட்டுலயே இருந்தவருக்கு, அந்த இருட்டாலதான் இரும்போட நிறம் தெரியுதுன்னு தோணலை."

மகள் கேட்டாள், "அப்போ அந்த ஷீட்டை என்ன பண்ணுவீங்க?"

"அடுக்களைக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். அரிசியில கல் இருக்கா பூச்சி இருக்கான்னு இத்தனை வருஷமா தடவித் தடவித்தான் பார்க்கிறேன். நீ புதுவருஷத்துக்கு வா, வெளிச்சத்துல உக்காந்து சாப்பிடலாம்."

"அப்பா சீபாய் பெரியப்பா பட்டறைக்குப் போறாராமே?"

பூவான் திரும்பிப் பார்த்தாள். பாய் போட்ட பட்டறைக்குள் உலை ஒன்றுதான் வெளிச்சம். அவன் அதன் முன்னால் நின்றுகொண்டு, சொம்வாங்கின் கத்திக்கான துண்டை இடுக்கியால் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து, அவள் இருக்கும் பக்கம் திரும்பாமலே, சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"அப்புறம் பேசுறேன், கூப்புடுறாரு," என்று போனை வைத்துவிட்டு ஓடினாள்.

சம்மட்டி கனத்தது. இரும்பு லேசில் இடம் கொடுக்கவில்லை. அவன் விளிம்பில் தட்டி நிறுத்தச் சொல்வதற்குள் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. வலிக்கட்டும் என்று அவள் மறுபடி ஓங்கினாள்.