இடுப்பில் போட்ட ஊசி

எதெல்வினாவின் சமையலறைக்குள் வந்ததுமே டான் ஃபெர்மின் திரும்பி நின்று பெல்ட்டைத் தளர்த்தினார். பனிமூட்டம் இறங்கிவிட்டால் அதுதான் வழக்கம். ஆரஞ்சுத் தோப்பில் உழைத்து முதுகு வளைந்த கிழடுகளுக்கெல்லாம் எல்லைக்கு அப்பால் சொந்த நாட்டிலிருந்து வரும் வைட்டமின் ஊசியை இடுப்பில் போட்டுவிடுவது அவள்தான். பகலெல்லாம் கொட்டகையில் நின்றபடி பழம் பிரிக்கிற கை. ஆனாலும் பூ மாதிரி குத்தும் என்பார்கள்.

“பெல்ட்டைப் போடுங்க கொம்பாத்ரே,” என்றாள். மகளுக்கு ஞானத்தகப்பன், அதனால் அப்படிக் கூப்பிடுவாள்; அவர் அவளைக் கொமாத்ரே என்பார். “இந்தக் குளிருக்கு வைட்டமின் கிடையாது. சனிக்கிழமை மாதா கோயில் வாசலுக்கு கிளினிக் வண்டி வருது. உங்க அண்ணனைக் கொண்டுபோச்சே, அந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி. அதைப் போட்டுக்கங்க.”

“எங்க போடுவாங்க?”

“கையில.”

“கையில போட்டா அது கொசுக்கடி. நெஞ்சுக்கு எப்படி எட்டும்?”

“உங்க நெஞ்சுக்கு இடுப்பைவிட கை கிட்டத்தான் இருக்கு.”

“நீ போடு, போட்டுக்கறேன்.”

“எனக்குப் பேசத்தான் அனுமதி. குத்த அனுமதி இல்ல.”

“அப்ப இனிமே வாயாலேயே வைத்தியம் பண்ணு!” கிழவர் விடுவிடென்று போய்விட்டார்.

அவள் தட்டினால் எல்லாக் கதவும் திறக்கும் என்றுதான் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி பற்றிச் சொல்ல கிளினிக்காரர்கள் அவளைப் பிடித்தார்கள். வைட்டமினை நிறுத்தினால் கிழடுகள் தானாக வண்டிக்கு வரும் என்பது அவளாகப் போட்ட கணக்கு.

சனிக்கிழமை ஃபெர்மின் வரவில்லை. பொழுது சாய அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“போட்டாச்சு, போட்டாச்சு. வாரச் சந்தைக்குப் போனேன், அங்கேயே முடிஞ்சுது. இனிமே கத்தாதே.”

கிளினிக்கின் இன்னொரு வண்டி சந்தைக்கும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மறுநாள் ஒரு சட்டி சோளக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அதே காய்ச்சலோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் குழாய். ஒவ்வொரு மூச்சும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் வந்தது.

“ஊசிதான் போட்டுக்கிட்டேனே, கொமாத்ரே. அப்புறம் ஏன்?”

“எந்தக் கையில போட்டாங்க?”

போர்வைக்குள் அவர் கை நகர்ந்து இடுப்பைத் தொட்டது. “கையிலயா? நம்ம வழக்கம்போலத்தான். சந்தையில மூலிகை விக்கிறாளே, அவகிட்ட காய்ச்சலுக்குன்னு கேட்டேன். போட்டா.”

எதெல்வினாவுக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் போட்டதென்றால் அது வைட்டமின்தான். அவள் இல்லையென்றதைத் தேடிப்போய் வாங்கி, அதுவே தடுப்பூசி என்று நம்பிப் படுத்திருக்கிறார் மனுஷன். “சரியாப் போயிடும்,” என்றாள். போகவில்லை. ஜனவரி முதல் வாரத்தில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்பே அடக்கம் பண்ணினார்கள்.

மறுபடி வண்டி வந்தபோது நாற்காலிகளில் பனிதான் உட்கார்ந்திருந்தது. கிழவி டோன்யா பிரிகிதா மட்டும் வந்தாள். அவளும் தள்ளியே நின்றாள்.

“ஃபெர்மின் போட்டுக்கிட்டான், போயிட்டான். எனக்கு வேண்டாம்மா.”

“அவர் போட்டுக்கிட்டது இது இல்ல, டோன்யா. சந்தையில அவ போட்டது வைட்டமின்.”

“வைட்டமினா?” கிழவியின் கை தன் இடுப்புக்குப் போனது. “அப்ப அதுதான் கொன்னுச்சா? அதைத்தானேடி இத்தனை வருஷமா எங்களுக்கெல்லாம் குத்தினே?”

“ஐயோ, இல்ல டோன்யா, அது கொல்லவும் கொல்லாது, காக்கவும்...”

கிழவி அதற்குள் நடந்துவிட்டாள். இனி எந்தக் கதவைத் தட்ட?

ஸ்பானிஷ் தெரியாத நர்ஸ் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன சொல்லிட்டுப் போறாங்க?”

“குளிருதாம்,” என்றாள் எதெல்வினா.